மில்லில் ஓடியவன், ரோட்டில் ஓடியவள்

என் புருஷன் தார்யேவுக்கு ஓட்டம் என்றால் நின்ற இடத்திலேயே ஓடுவது. விளையாட்டுக் கூடத்தில் சுவரோரம் நிற்கும் ட்ரெட்மில்களில் கடைசி மெஷினை அவன் பெயருக்கே எழுதி வைத்துவிடலாம். எங்கள் ஊரில் அதை மில் என்றே சொல்வோம். எதிரே ஜன்னல்கூடக் கிடையாது, வெறும் வெள்ளைச் சுவர். அதை முறைத்துக்கொண்டே ஓடுவான், வியர்வை சொட்டச் சொட்ட. பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் ரோட்டில் ஓடுகிறவள். காற்று மூஞ்சியில் அறைய வேண்டும், பனிக்கட்டி காலை வாரிவிடப் பார்க்க வேண்டும். அப்போதுதான் ஓடினதாக என் உடம்பு ஒப்புக்கொள்ளும்.

எங்கள் லாங்யியர்பியென் வடதுருவத்துக்குப் பக்கத்துத் தீவில் இருக்கிற ஊர், இங்கே ரோட்டில் ஓடுவதென்றால் முதுகில் துப்பாக்கியோடுதான். ஊர் முடிகிற இடத்தில் வெள்ளைக்கரடி படம் போட்ட பலகை நிற்கிறது. அதைத் தாண்டி வெறுங்கையோடு போகிறவனை எங்கள் ஊரில் தைரியசாலி என்று யாரும் சொல்ல மாட்டார்கள், கிறுக்கன் என்பார்கள். வருஷக்கணக்காக அந்தக் கனத்தோடு ஓடி ஓடி என் இடது தோள் கொஞ்சம் இறங்கியே போய்விட்டது. நான் நகராட்சியில் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறேன். வேலை முடிந்ததும் வண்டியிலிருந்து இறங்கி நேரே ரோட்டுக்குப் போய்விடுவேன்.

"இன்னிக்கு எவ்வளவு தூரம்?" என்று கேட்பேன், அவன் குளித்துவிட்டு வரும்போது.

"பன்னெண்டு கிலோமீட்டர்."

"எங்க போய்ச் சேர்ந்தே?"

"ஆரம்பிச்சிட்டியா?"

"செக்குமாடாவது எண்ணெய் எடுக்கும். நீ என்னடா எடுத்தே?"

அவனும் சும்மா விடுகிற ஆள் இல்லை. "உன் கணுக்காலைக் காட்டு மகராசி, பாப்போம். ரெண்டு தடவை பிசகினது. என் முட்டியைப் பாரு, புதுசு மாதிரி இருக்கு. நீ ரோட்டுல பாதி நேரம் ஓடுறதில்ல, விழாம இருக்கப் பாக்குறே. மில்லுல வேகம் நான் வச்சதுதான், ஏத்தம் நான் வச்சதுதான். கொஞ்சம் சாய்ச்சு வச்சா உன் காத்துக்கும் சேத்துக் கணக்காயிடும். நெஞ்சு வலு எனக்குத்தான் ஜாஸ்தி. வேணும்னா டாக்டரைக் கேளு."

அதில் உண்மை இருந்தது. அதனால்தான் எனக்கு இன்னும் ஆத்திரம். கூடத்தில் எல்லாருக்கும் பரிசோதனை வைத்தபோது அவன் மூச்சுக்கணக்கு என்னுடையதைவிட நன்றாகவே இருந்தது. அந்தக் காகிதத்தை ஃபிரிட்ஜில் ஒட்டினான். நான் கிழித்துக் காபிக் கோப்பைக்குள் போட்டேன்.

எங்கள் வீட்டுச் சண்டை வாயோடு நிற்காது. நான் வாஃபிள் சட்டியை எறிந்திருக்கிறேன், மாவோடு. அவன் குளியலறைக் கதவில் குத்தி ஓட்டை போட்டிருக்கிறான். பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டுவார், நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து திருப்பித் தட்டுவோம். ஒருவரை ஒருவர் அடித்ததில்லை. அவ்வளவுதான் நாங்கள் வைத்திருந்த எல்லை. இதையெல்லாம் மீறி அவன்மேல் எனக்குப் பிரியம் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்த ஏப்ரலில் அவனுக்குத் தெற்கே பெருநிலத்தில், பெர்கனில் வேலை கிடைத்தது. மின்நிலையத்தில் பத்து வருஷம் உழைத்தவன், கரித்தூசியும் இருட்டும் போதும் என்றான். மழை வேண்டுமாம், மரம் வேண்டுமாம். எனக்கு மரம் வேண்டாம். இந்தத் தீவைவிட்டுக் கீழே போனால் நான் செத்துவிடுவேன் என்றே தோன்றியது. ஆனால் நாங்கள் இருந்த வீடு மின்நிலையத்து வீடு. அவன் வேலையை விட்டால் வீடும் போகும். எனக்கென்று தனியாக வீடு கிடைக்கிற ஊர் இல்லை இது. திங்கட்கிழமைக்குள் அவன் பெர்கனுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

வெள்ளிக்கிழமை முழுக்கச் சண்டை. தட்டு உடைந்தது, நாற்காலி உடைந்தது. கடைசியில் அவன் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னான்: "சரி, ஓடித் தீத்துக்கலாம். பாதி மில்லுல, பாதி ரோட்டுல. நான் ஜெயிச்சா பெர்கன். நீ ஜெயிச்சா நான் வாயே திறக்க மாட்டேன், இங்கேயே கிடந்து சாகுறேன்."

"எழுதிக் கொடு."

"எதுக்கு? நான் வாக்கு மாறுவேனா?"

மாற மாட்டான். அது எனக்குத் தெரியும். கை குலுக்கிக்கொண்டோம்.

சனிக்கிழமை காலை நல்ல வெயில், கடுங்குளிர். இங்கே ஒரு வழக்கம் உண்டு. கட்டடத்துக்குள் நுழையும்போது துப்பாக்கியிலிருந்து போல்ட்டைக் கழற்றிவிட வேண்டும். பின்னால் இழுத்துத் தள்ளிக் குண்டை ஏற்றுகிற அந்த இரும்புத் தண்டு. துப்பாக்கி வாசலில் இருக்கும் அலமாரியில், போல்ட் ஆளிடம். என் ஓடுகிற சட்டையில் பை கிடையாது. தார்யே இடுப்பில் சாவிப்பை ஒன்று கட்டியிருப்பான். கூடத்துக்குச் சேர்ந்து வந்தால் போல்ட்டை அவனிடம்தான் கொடுப்பேன், திரும்பும்போது வாங்கிக்கொள்வேன். எங்கள் இருவருக்கும் அந்த ஒரு துப்பாக்கிதான், ரோட்டில் சுமப்பது நான். அன்றும் போல்ட்டைக் கொடுத்தேன். அவன் வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு, "எல்லாம் என் கையிலதான் இருக்கு" என்று சிரித்தான்.

மில்லில் பக்கத்துப் பக்கத்து மெஷின். ஒரே தூரம், யார் முதலில் முடிக்கிறாரோ அவர் முதலில் வெளியே போகலாம் என்பது ஒப்பந்தம். அந்த ரப்பர் பெல்ட் காலுக்கடியில் ஓடுவதே எனக்கு அருவருப்பு. சுவர் நகரவே இல்லை. காற்று இல்லாமல் உடம்பு கொதித்தது. வேகத்தைக் கூட்டினால் கால் பின்னுகிறது, குறைத்தால் அவன் முந்துகிறான். அவனோ கடிகாரம் மாதிரி ஓடினான், தோள்கூட அசையவில்லை. முடித்ததும் மெஷினை நிறுத்தி, என் காதருகே குனிந்து, "பெர்கன்ல குடை ரொம்ப அவசியம் தாயே" என்று சொல்லிவிட்டுப் போனான்.

நான் முடித்தபோது எனக்குக் கண் சிவந்திருந்தது. அலமாரியைத் திறந்து, உறையோடு துப்பாக்கியை இழுத்து, முதுகில் மாட்டிக்கொண்டு ஓடினேன். உறைக்குள் இருந்தது போல்ட் இல்லாத துப்பாக்கி. சும்மா ஒரு தடி. போல்ட் எனக்கு முன்னால் அவன் இடுப்பில் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு அது நினைவே இல்லை. அந்தக் குடை மட்டும்தான் மண்டைக்குள் இருந்தது.

ரோட்டில் அவன் பாடு திண்டாட்டம். தூரத்திலிருந்தே தெரிந்தது. காற்று பக்கவாட்டில் அடிக்க அடிக்க உடம்பு கோணியது. பனிக்கட்டி மினுங்கிய இடத்திலெல்லாம் குட்டிக் குட்டி எட்டாக வைத்தான். மில்லில் காலைத் தூக்கினால் போதும், தரை தானே பின்னால் போகும். இங்கே அவனேதான் தரையைத் தள்ள வேண்டும். எனக்குள் சந்தோஷம் பொங்கியது. கரடிப் பலகையருகே அவனைப் பிடித்துவிட்டேன்.

"என்னடா, ரோடு நகர மாட்டேங்குதா?" என்று கத்திவிட்டு முந்தினேன்.

அவன் பதில் சொல்லவில்லை. நான் திரும்பிப் பார்க்கவும் இல்லை. பள்ளத்தாக்கு ரோடு நேரே போகிறது, ஒரு காலத்தில் நிலக்கரித் தொட்டிகள் தொங்கிப் போன கம்பிவடத்தின் பழைய தூண்கள் வரிசையாக நிற்கின்றன. ஏழாவது தூணைத் தொட்டுவிட்டுத் திரும்பிவர வேண்டும். ஒரு மேடு ஏறி, அந்தப் பக்கம் பள்ளத்தில் இறங்கினேன். கால் தன்னால் விழுந்து எழுந்தது. வீடு என்னுடையது, ஊர் என்னுடையது, இனி எவன் வாயிலும் பெர்கன் என்ற பேச்சு வராது. அப்படி நினைத்துக்கொண்டே ஓடினேன்.

பின்னால் மேட்டின் உச்சியிலிருந்து அவன் குரல் கேட்டது. "ஒட்னி! நில்லு! ஒட்னி!"

நிற்பேனா? தோற்கிறவன் எல்லாம் சொல்வதுதான் இது.

"கரடி! ஒட்னி, கரடி!"

தெளிவாகவே கேட்டது. சீ, இவ்வளவு கேவலமாகவா இறங்குவான் என்று எனக்கு வெறுப்பாக வந்தது. எங்கள் ஊரில் பச்சைப் பிள்ளைகூட அந்த வார்த்தையை விளையாட்டுக்குச் சொல்லாது. பந்தயத்துக்காக அதையும் சொல்கிறானே என்று பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் வேகமாக ஓடினேன். அவனுக்கு மேட்டிலிருந்து தெரிந்தது, பள்ளத்தில் இருந்த எனக்குத் தெரியவில்லை. நேராக அதனிடமே ஓடிக்கொண்டிருந்தேன்.

தூணுக்குப் பின்னாலிருந்து அது வந்தது. இளங்கரடி, எலும்பும் தோலுமாக, பசியில் காய்ந்துபோனது. இதுகளுக்கு யோசனையே கிடையாது, நேராக வரும். நான் நின்று, உறையைக் கிழிக்காத குறையாகத் துப்பாக்கியை உருவி, வலது கையைப் போல்ட்டுக்குக் கொண்டுபோனேன். அங்கே ஓட்டைதான் இருந்தது. விரல் உள்ளே போனது. அப்போதுதான் எல்லாம் ஒரே நொடியில் புரிந்தது.

குழலைப் பிடித்துக்கொண்டு கட்டையால் அடித்தேன். மூக்கில் விழுந்தது, சத்தம் கேட்டது, ஆனால் அது நிற்கவில்லை. ஒரே அறை. என் இடது கை முழங்கைக்கு மேலே முறிந்து தொங்கியது. மல்லாந்து விழுந்தேன். அது என் மேல் ஏறித் தோளைக் கவ்வி உலுக்கியது, சதை பிய்ந்து வருவது எனக்கே தெரிந்தது. அழுகல் மீன் நாற்றம் அதன் வாயில். அடுத்து மண்டைக்கு வந்தது. எலும்பில் பல் உரசுகிற சத்தத்தை வெளியிலிருந்து கேட்க மாட்டோம், உள்ளேயிருந்து கேட்போம். நான் அதன் கண்ணில் கட்டைவிரலைக் குத்தினேன். ஒரு கணம் விட்டது, மறுபடி கவ்வியது. செத்தேன் என்று முடிவு செய்துவிட்டேன், எனக்கு அழுகைகூட வரவில்லை.

அப்போது தார்யே வந்தான். மேட்டிலிருந்து பள்ளம் முழுக்க அவன் எப்படி வந்தான் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அந்த வழுக்கலில் அவன் ஒரு தடவைகூட விழவில்லை. தொண்டை கிழியக் கத்திக்கொண்டு வந்து, ஓடிவந்த வேகத்தோடு கரடியின் விலாவில் உதைத்தான். ஆறடி மனிதன் முழுப்பலத்தோடு உதைத்தான். கரடி திரும்பியது. அவன் சாவிப்பையை அவிழ்த்து என் பக்கம் எறிந்தான்.

"போல்ட்! போல்ட் உள்ள இருக்கு!"

எறிந்துவிட்டு அவன் ஓடினான். ஓடுவதைத்தான் கரடி துரத்தும், இது இங்கே எல்லாருக்கும் தெரியும். என்னைவிட்டு விலகி, எதிர்ப்பக்கம், ஆற்றுப்படுகையைப் பார்த்து ஓடினான். கொஞ்ச தூரம்தான். அது அவன் வலது காலைப் பிடித்தது. கணுக்காலுக்கு மேலே எலும்பு முறிந்த சத்தம் நான் கிடந்த இடத்துக்கே கேட்டது. அவன் மணலைப் பறிப்பது மாதிரி பனியைப் பறித்துக்கொண்டு அலறினான். அது அவனை இழுத்துப்போட்டு, முழங்காலுக்குக் கீழே மென்றது.

எனக்கு ஒரு கைதான். பையின் ஜிப்பைப் பல்லால் இழுத்தேன். போல்ட் கையில் ஒட்டிக்கொண்டது, அவ்வளவு குளிர். துப்பாக்கியை முட்டிக்கு இடையில் நெருக்கி, போல்ட்டைச் செருகினேன், பொருந்தவில்லை. என் நெற்றியிலிருந்து ரத்தம் இறங்கிக் கண்ணை மறைத்தது. அவன் அலறல் நின்றுவிட்டது, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. மறுபடி செருகினேன். போனது. முன்னே தள்ளிப் பூட்டினேன். படுத்தபடியே சுட்டேன், தோளுக்குப் பின்னால் பட்டது. எழுந்து நின்றது. மறுபடி சுட்டேன். அவன் மேலேயே விழுந்தது. தவழ்ந்து போய் அதன் காதில் வைத்து, குண்டு தீரும்வரை சுட்டேன். தேவையே இல்லை, ஆனாலும் சுட்டேன். பிறகு என் இடுப்பு வாரால் அவன் தொடையை இறுக்கிக் கட்டினேன், பல்லால் இழுத்து.

துப்பாக்கிச் சத்தம் கேட்டு ஊரிலிருந்து யாரோ தகவல் சொல்ல, ஹெலிகாப்டர் வந்து எங்களை எடுத்துப்போனது. பெருநிலத்தில், ட்ரோம்சோ ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே அவன் காலை எடுத்தார்கள். என் மண்டையையும் தோளையும் தைத்தார்கள், கைக்குள் இரும்பு வைத்தார்கள்.

கரடியைச் சுட்டால் விசாரணை உண்டு. ஆளுநர் அலுவலகத்திலிருந்து விக்டிஸ் என்ற அதிகாரி கட்டிலருகே வந்து உட்கார்ந்து கேட்டாள். "துப்பாக்கி ஒருத்தர்கிட்ட, போல்ட் இன்னொருத்தர்கிட்ட. எப்படிங்க?"

"மறந்துட்டேன்" என்றான் தார்யே.

"நானும்தான்" என்றேன்.

அவள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பக்கத்து வீட்டுக்காரர் ஏதாவது சொல்லியிருப்பார். ஆனாலும் தற்காப்பு என்றே முடித்துக்கொடுத்தாள்.

பந்தயம் தானாகவே முடிந்துபோனது. ஒற்றைக்காலோடு மின்நிலையத்தில் வேலை பார்க்க முடியாது, பெர்கன்காரர்களும் காத்திருக்கவில்லை. எங்கள் தீவில் பராமரிப்பு தேவைப்படுகிறவர்களுக்கு இடம் கிடையாது, நல்ல உடம்போடு இருக்கிறவர்களுக்கு மட்டும்தான் அந்த ஊர். தீவு வீட்டைக் காலி செய்து கொடுத்தேன். ட்ரோம்சோவில் ஒரு சின்ன வீடு, கீழ்த்தளம். ஜன்னலுக்கு வெளியே ஒரு மரம் நிற்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் வெட்டிப்போட வேண்டும் போல இருக்கும். ஆனால் அவனை நான் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. எனக்காகக் கரடி வாய்க்குள் ஓடியவன். அவன் காலுக்கு மருந்து தடவினேன், அவன் மலம் அள்ளினேன், ராத்திரி அவன் கத்தும்போது வாயைப் பொத்தி அணைத்துக்கொண்டேன். எங்கள் வீட்டில் தட்டு உடைவதும் நின்றுபோனது.

இலையுதிர் காலத்தில் அவனுக்குப் புதுக்கால் வந்தது. மறுவாழ்வுக் கூடத்தில் ட்ரெட்மில்லில்தான் நடைபழக்கம். பயிற்சி கொடுப்பவன் ஐலோ, கலகலப்பான பையன். "உங்களுக்கு இதுல ஏற்கெனவே நல்ல பழக்கமாமே!" என்பான். தார்யே இரண்டு பக்கக் கம்பியையும் பிடித்துக்கொண்டு, குழந்தை மாதிரி நடப்பான். நான் மெஷின் பக்கத்தில் நின்று வேகத்தைப் பார்த்துக்கொள்வேன்.

அன்று ஐலோ வேறொருவரைக் கவனிக்கப் போயிருந்தான். தார்யே நடந்துகொண்டே, என்னைப் பார்க்காமல், "ஒட்னி, ஒண்ணு சொல்லணும்" என்றான்.

"சொல்லு."

"போல்ட் விஷயம். நான் மறக்கல."

எனக்கு முதலில் விளங்கவே இல்லை. "என்ன மறக்கல?"

"பலகைகிட்ட நீ என்னைத் தாண்டிப் போனப்பவே தெரியும். இடுப்புல இடிச்சுக்கிட்டே இருந்துச்சு."

"தெரிஞ்சா கூப்பிட வேண்டியதுதானே?"

"கூப்பிட்டா நிப்பே. போல்ட்டை மாட்டுவே, திட்டுவே, மொதல்லேர்ந்து ஓடணும்பே. மில்லுல ஜெயிச்சதும் செல்லாமப் போயிரும்னு..." மூச்சு வாங்கியது அவனுக்கு. "எப்படியாவது அந்த ஊரைவிட்டுப் போகணும்னு இருந்துச்சு. கரடி எங்க வரப்போகுதுன்னு நெனச்சேன். திரும்புற வழியில உன்னைப் பிடிச்சிரலாம்னு நெனச்சேன். இதை வச்சுக்கிட்டு உன் கையால சோறு திங்க முடியல ஒட்னி."

வெறும் தடியை முதுகில் கட்டிக்கொண்டு நான் பலகையைத் தாண்டியதைப் பார்த்துக்கொண்டே பின்னால் வந்திருக்கிறான். அதே ஆள்தான் அந்தப் பள்ளத்தில் இறங்கி ஓடிவந்து காலைக் கொடுத்ததும். இரண்டில் எதை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கு எப்போதும் முதலில் வருவது கோபம்தான், அன்றும் அதுதான் வந்தது. என் விரல் வேகப் பொத்தான்மேல் இருந்தது. அழுத்தினேன்.

அவன் திரும்பிப் பார்த்தான். மறுபடி அழுத்தினேன். புதுக்கால் பெல்ட்டில் சப்பு சப்பென்று அறைந்தது. நடை ஓட்டமானது.

"நிறுத்தச் சொல்லு" என்றேன்.

சொல்லவில்லை. நிறுத்துகிற சிவப்புப் பொத்தான் அவன் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது, தொடவும் இல்லை. மூஞ்சி வெளிறியிருந்தது, வெட்டிய காலின் முனைக்குப் போட்ட உறையில் ரத்தம் கசிவது தெரிந்தது. என்னைப் பார்த்துக்கொண்டே கம்பியிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்தான். நான் மறுபடி அழுத்தினேன். ஓடினான். ஆறேழு அடி ஒழுங்காகவே ஓடினான். பிறகு புதுக்கால் மடங்கியது, முகவாய் பெல்ட்டில் மோதியது, பெல்ட் அவனை இழுத்துப் பின்னால் தரையில் எறிந்தது.

ஐலோ கத்திக்கொண்டு ஓடிவந்தான். "கிட்ட வராதே" என்றான் தார்யே, கிடந்தபடியே. முகவாய் பிளந்து ரத்தம் கழுத்தில் இறங்கியது. அதைத் துடைக்காமல் என்னைப் பார்த்துக் கேட்டான்: "சரியாப் போச்சா?"

"இல்ல" என்றேன்.

மெஷினை நிறுத்திவிட்டு, குனிந்து அவன் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினேன். கடிபட்ட தோள் உயிர்போகிற மாதிரி வலித்தது. அவனை மறுபடி பெல்ட்டின் மேல் நிறுத்தி, கைகளை எடுத்துக் கம்பியில் வைத்து, மெதுவான நடை வேகத்தில் மெஷினை நானே போட்டேன்.